கையெழுத்துப் போட்டதால் கேட்கும் உரிமை போய்விடுமா?

கேள்வி: செகந்திராபாத் மாரேட்பள்ளியில் வசிக்கிறோம். அப்பாவுக்கு 76 வயது. தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து கொலனோஸ்கோபி செய்து, அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. நிமோனியா என்று வேறொரு மருத்துவமனை ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். இப்போது தேறி வருகிறார். முதல் மருத்துவமனையில் கேட்டால், "வயசானவருக்கு இப்படி வரும், கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால், நிமோனியா வந்தது மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சியாகாது. மயக்கத்தில் விழுங்கும் திறனும் இருமலும் தளர்ந்துவிடும். அப்போது எச்சிலோ வயிற்றில் உள்ளதோ புரையேறி நுரையீரலுக்குள் இறங்கலாம். முதியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்; எல்லாம் முறையாகச் செய்தும் நேரலாம்.

ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்கள் அதற்கேற்ற கவனம் எடுத்தார்களா என்பதுதான் உங்கள் வழக்கு. விடை கேஸ் ஷீட்டில் இருக்கிறது. கடைசியாக எப்போது சாப்பிட்டார், பேதி மருந்தை எப்போது குடித்து முடித்தார் என்று கேட்டுக் குறித்திருக்கிறார்களா? பக்கவாதமோ விழுங்குவதில் சிரமமோ உண்டா என்று விசாரித்தார்களா? ஆக்சிஜன் அளவு நடுவில் இறங்கியதா, இறங்கியபோது என்ன செய்தார்கள்? நன்றாகத் தெளிந்த பிறகுதான் அனுப்பினார்களா? காய்ச்சல், இருமல் வந்தால் உடனே வரச் சொல்லி டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறார்களா?

ஆகவே இன்றே அப்பாவின் கையெழுத்தோடு ஆவணங்களைக் கேட்டு எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இரண்டாவது மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன், சளிப் பரிசோதனை அறிக்கைகளையும் பத்திரப்படுத்துங்கள். புரையேறியதால் வந்த நிமோனியா என்று அவர்கள் எழுதியிருந்தால் அது பெரிய பலம்.

சம்மதக் கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் விளக்கிப் பெறுவதே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவனக்குறைவுக்கு யாரும் முன்கூட்டியே சம்மதம் தருவதில்லை.

உங்கள் ஊர் வழக்கு ஒன்று: மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை தந்த ஹைதராபாத் மருத்துவமனைக்கு எதிராக வி. கிஷன் ராவ் தொடுத்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-இல் தீர்ப்பானது. அங்கே தவறு வெளிப்படையாகத் தெரிந்தது. உங்கள் விஷயம் அப்படியல்ல. நுரையீரல் மருத்துவர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்தை வாங்கிவிடுங்கள். நிம்ஸ் மருத்துவமனைக்கு எதிரான பிரசாந்த் தனங்கா வழக்கில் (2009) சொன்னபடி, முதற்கட்ட ஆதாரத்தை நீங்கள் காட்டிவிட்டால், பதில் சொல்லும் பொறுப்பு மருத்துவமனைக்கு மாறும்.

புகார்தாரர் அப்பாதான், அவர் அதிகாரம் தந்தால் நீங்கள் நடத்தலாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யுங்கள்.