நமது ஊர்ப் புகையும் இந்துமாக் கடலும்

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் அழுகிய முட்டை நாற்றத்தை அறியாதவர் இலர். தோலிலிருந்து மயிர் நீக்கிய சல்பைடு நீர் அமில நீருடன் கலக்கும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே அது. மூடிய தொட்டிக்குள் ஆளைக் கொல்லும் இவ்வாயு, வெளிக்காற்றில் சில நாட்களுக்கு மேல் நிலைப்பதில்லை. விறகும் சருகும் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடோ மணமற்றது. ஓரிரு மாதங்கள் காற்றில் நிலைத்துக் கடலையும் கடக்க வல்லது.

அது எங்கே செல்கிறது? தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசி நிலத்துப் புகையைக் கடலுக்கு இட்டுச் செல்கிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் இதனை ஆராய்ந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குரூட்சனும் இதற்குத் தலைமை வகித்தனர். ஆகாய விமானங்களும், நம் நாட்டின் 'சாகர் கன்யா' கப்பலும், மாலத்தீவின் காஷிதூ நிலையமும் இப்பணியில் ஈடுபட்டன. ஆலையோ ஊரோ இல்லாத நடுக்கடலின் மேல் பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருக்கக் கண்டனர்.

அப்புகை எதிலிருந்து வந்தது என்று எவ்வாறு அறிந்தனர் என்பது சுவையான செய்தி. விறகு, வறட்டி, தாள் முதலியன எரியும்போது மெத்தில் சயனைடு என்ற வாயு சிறிதளவு வெளிப்படும். மோட்டார் வண்டிப் புகையில் அது மிகக் குறைவு. கடற்காற்றில் இவ்வாயுவை அளந்தே, கார்பன் மோனாக்சைடு மிகுந்ததற்கு அடுப்பு விறகும் வயலில் இடும் தீயும் முக்கிய காரணம் எனக் கணித்தனர். ஆயினும் பழியை அடுப்பின் மீது மட்டும் சுமத்துதல் நியாயமன்று. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் புகையும் படலத்தில் பெரும்பங்கு வகிக்கிறது.

இதனால் உழவருக்கு என்ன? படலம் வெயிலைத் தடுக்கிறது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையும். தென்மேற்குப் பருவமழை இதனால் தளரக்கூடும் என ராமநாதன் குழுவினர் 2005-இல் எழுதினர். இந்திய நெல் விளைச்சலை இப்படலமும் வெப்ப வாயுக்களும் குறைத்துள்ளன என 2006-இல் மற்றோர் ஆய்வு கூறியது.

ஆகவே கரும்பு வெட்டியபின் தோகைக்குத் தீயிடாமல் வரிசைகளுக்கிடையே பரப்புக. ஈரம் காக்கும், களை அடங்கும். தோல் துண்டுகளை எரிப்பதைப் பஞ்சாயத்துகள் அறவே தடுத்தல் வேண்டும். குரோமியம் ஏற்றிய தோல் எரியும்போது, அதிலுள்ள குரோமியத்தில் ஒரு பகுதி புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிற வடிவாக மாறக்கூடும். அந்தச் சாம்பல் கடலுக்குச் செல்வதில்லை. நம் கிணற்றடியிலேயே தங்கிவிடும்.