பிரேக் ஆயில் குறையாவிட்டாலும் கெடும்

"அண்ணே, டப்பாவுல ஆயில் லெவல் அப்படியே இருக்கு. அதைப் போய் எதுக்கு மாத்தணும்?" செஞ்சியிலும் வல்லத்திலும் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கேள்வியாகக் கேட்டாலாவது பதில் சொல்லலாம். பலர் தீர்ப்பாகவே சொல்கிறார்கள்: பிரேக் ஆயில் எஞ்சினுக்குள் எரிகிற ஆயில் இல்லை, குறைந்தால் ஊற்றினால் போதும், மாற்றச் சொல்வது பட்டறைக்காரன் பில்லை ஏற்றும் வழி. பில்லை ஏற்றுகிற பட்டறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் பட்டறைக்காரன் பேச்சைக் கேட்காவிட்டால் போவது உயிர். சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேவின் பிரேக் லைனிங் ஆலையும் நாட்டுக்கே பிரேக் செய்து அனுப்புகிற மாநிலத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா?

இந்த நம்பிக்கை இங்கே வேரூன்றியதற்குக் காரணம் நம் சாலைகள். சுற்றிலும் மலை இருந்தாலும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் காலால்தான் ஏறுகிறோம். கார் ஓடுவதோ திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம். பெரும்பாலும் சமதளம். எப்போதோ வரும் ஒரு வேகத்தடை, குறுக்கே வரும் ஒரு மாடு, அவ்வளவுதான் பிரேக்குக்கு வேலை. அந்த வேலையை ஐந்து வருடப் பழைய ஆயிலும் செய்துவிடும். "பாத்தீங்களா, நல்லாத்தானே பிடிக்குது?" என்பார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் பிடிக்கும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய் இறங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

பிரேக் ஆயிலின் குணம் ஈரத்தை உறிஞ்சுவது. மூடியைத் திறக்கவே வேண்டாம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் கேட்கவே வேண்டாம். புது டாட் 3 (DOT 3) ரக ஆயிலுக்குத் தரவிதிப்படி கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி அதனிடம் எதிர்பார்ப்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இத்தனைக்கும் டப்பாவில் லெவல் ஒரு நூல்கூட இறங்கியிருக்காது. லெவலைப் பார்த்து ஆயிலின் தரத்தைச் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள கார், 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் சக்தி முழுவதையும் பிரேக்கே தாங்கினால் பிறக்கும் வெப்பம், 50 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சத்தைக் கொண்டுபோகும். மீதி டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கி, பேடு வழியாக காலிப்பரைச் சுட்டு, உள்ளே இருக்கும் ஆயிலைத் தொடும். ஈரம் ஏறிய ஆயில் அங்கே கொதித்து ஆவிக் குமிழி விடும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நீங்கள் பெடலை மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்கவே செலவாகிவிடும். பெடல் தரை தட்டும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. எப்படியோ கல்லிலோ மண்மேட்டிலோ ஏற்றி வண்டியை நிறுத்துகிறார்கள். அரை மணி நேரம் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். கீழே வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. "திருஷ்டிதான்" என்று பூசணிக்காய் உடைத்துவிட்டு, அதே ஆயிலோடு அடுத்த வருடம் கொல்லிமலைக்கு, 70 வளைவுகளுக்குக் கிளம்புகிறார்கள். திருஷ்டி கழியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயிலையும் மாற்றுங்கள்.

பெடல் கட்டைபோல நிற்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அது வேறு. அங்கே பேடு சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் முதல் வேலை கியரைக் குறைப்பதும் ஓரம் கட்டி ஆறவிடுவதும்தான். சிவக்கக் காய்ந்த டிஸ்க்கில் பாட்டில் தண்ணீரைக் கொட்டுகிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்க் கோணும், விரிசல் விடும்.

"குறைந்தால் ஊற்றினால் போதும்" என்பது இதைவிட ஆபத்தான பாதி. பேடு தேயத் தேய காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆகவே லெவல் குறைந்தால் ஒன்று பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. வண்டி உங்களிடம் சொல்லும் சேதி அது. ஊற்றி மறைத்துவிட்டு, புதுப் பேடு போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா பொங்கி ஆயில் பெயிண்டைத் தின்ற பிறகு வந்து புலம்புவதில் பயனில்லை.

பல கார்களின் கையேடு 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டிலும், எந்த டாட் என்பது பெரும்பாலும் டப்பா மூடியிலேயும் எழுதியிருக்கும். செலவு சில நூறு ரூபாய் ஆயிலும் ஒரு மணி நேரக் கூலியும். மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். ஒளிபுகும் டியூபில் முதலில் டீ நிறத்தில் கலங்கல் வரும், நடுவே குமிழி வரும், பிறகு இளமஞ்சளாகத் தெளியும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். நான்கு சக்கரத்திலும் இது நடக்க வேண்டும். டப்பாவில் இருப்பதை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சிப் புதிதை ஊற்றிவிட்டு "மாத்தியாச்சு" என்றால் காசு கொடுக்காதீர்கள். அலமாரியில் போன தீபாவளிக்குத் திறந்து, துணி அடைத்து வைத்த பாட்டிலிலிருந்து ஊற்றினாலும் கூடாது. அது அங்கேயே ஈரத்தைக் குடித்துவிட்டது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. பேடு கிறீச்சிட்டால் எமரித் தாளில் தேய்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது பொய். பல பேடுகளில் தேய்மானத்தை அறிவிக்கத் தகடு வைத்திருக்கிறார்கள், அது கத்துகிறது. ஏபிஎஸ் இருந்தால் வண்டி சட்டென்று நின்றுவிடும் என்பதும் தவறு. 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது, பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும் என்பதற்காக. பெடல் அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள். விட்டு விட்டு மிதிக்கவும் வேண்டாம்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்பது மட்டும் கொலைகாரக் கதை. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் கியரோடு ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால் எரிபொருள் தானாகவே நிற்கும்; நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எரிபொருள் போகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரின் உதவியும் போய்விடும். தருமபுரி - சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது! 2020 டிசம்பரில் 4 பேர், 2024 ஜனவரியில் மறுபடி 4 பேர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். காருக்கும் அதுதான் கணக்கு.

பிரேக் பேச்சு எடுத்தால் இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் விட முடியாது. பின்பக்க டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடுகிறோம். முகத்துக்கு நேரே அதை வாங்குகிறவன் தொழில் பழக வந்த பையன். பழைய பிரேக் லைனரிலும் மலிவான லைனரிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதி இந்தியாவில் இன்னும் தடைசெய்யப்படவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நுரையீரல் நோய் அத்தனை காலம் கழித்தும் வரும் என்பதால். பட்டறைப் பையனுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட ஐந்து நிமிடம் கூடுதலாகும். அடுத்த முறை உங்கள் காரின் டிரம்மைத் திறந்து ஏர் பைப்பை எடுத்தால், "ஈரத்துணி போடுங்க, நான் காத்திருக்கேன்" என்று சொல்லுங்கள்.