விளையாட்டிற்குப் பின் சிற்றுண்டி

கபடி, கால்பந்து முதலிய ஆட்டங்கள் முடிந்ததும் நம் சிறார்க்குப் பசி மிகும். அவ்வேளையில் தோழர்கள் நீட்டுவதை மறுத்தல் அவர்கட்கு எளிதன்று. ஆகவே தக்க உணவை முன்னரே கொடுத்தனுப்புதல் பெற்றோராகிய நம் கடனாம்.

கடைப் பொட்டலத்தின் பச்சை வட்டக் குறி ஒன்றே நமக்குப் போதாது. தேன் கலந்த பண்டமும் உருளைக்கிழங்கு வறுவலும் அக்குறியுடனேயே விற்கப்படுகின்றன. எனவே சேர்பொருள்களையும் படித்தறிதல் வேண்டும். வாழைப்பழம், பொரியுருண்டை, எள்ளுருண்டை, வடிகட்டிய நீர் ஆகியவை ஏற்றவை.

கார்த்திகையில் மாலை 6 மணிக்கு முன்பே கதிரவன் மறைகின்றான். வீடு திரும்பும்வரை காத்திருப்பின் இரவுண்ணாமை நோன்பு தவறும். ஆட்டம் முடிந்தவுடன் களத்திலேயே உண்ணுமாறு பழக்குவோம். குழுவினர் அனைவர்க்கும் போதுமாறு கொடுத்தனுப்பின், பகிர்ந்தளிக்கும் தான குணமும் நம் சிறாரிடம் வளரும்.