ஏலத்தில் எடுத்த ஜீப் வேண்டாமென்றால்…

ஆன்லைன் ஏலத்தில், மண்டி டப்வாலியில் அசெம்பிள் செய்த ஜீப் ஒன்று என் பெயருக்கு முடிந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. பின்வாங்கினால் முன்பணம் போய்விடுமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதற வேண்டாம். ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரை கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம் என்கிறது 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது; இப்போது அது ஒப்பந்தம்.

ஆனாலும் வழி இருக்கிறது. முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதோடு ஒத்துப்போகின்றனவா? ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய ஜீப்புகளைப் பிரித்துப் புது உருவம் கொடுப்பதற்கே பேர்போனது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மந்தைவெளி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றப் போனால் அங்கேயே சிக்கல் வரலாம். விற்றவர் பொய்த் தகவல் தந்திருந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்து, முழுப் பணத்தையும் கேளுங்கள்.

வண்டியில் குறையில்லை, மனம்தான் மாறியது என்றால் இன்றே ஏலம் நடத்தியவர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். அடுத்து அதிக விலை கேட்டவருக்கு அவர்கள் விற்றுவிட்டால் அவர்களுக்கு நஷ்டம் குறையும்; முன்பணத்தைத் திருப்பிக் கேட்க அது உதவும். டெல்லி வளர்ச்சி ஆணைய ஏலம் ஒன்றில் பறிமுதலான 78 லட்சம் ரூபாய் முன்பணத்தை, நஷ்டம் ஏதுமில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது. அந்தக் கைலாஷ் நாத் வழக்கை மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள்.