பிள்ளைகளின் பாஸ்போர்ட்

கேள்வி: பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டிலேயே காலாவதியாகிறது. புதுப்பிக்கக் குடும்பத்தோடு சென்னைக்கு அலைய வேண்டுமா? பெரியவர்களைப் போல 10 ஆண்டு கொடுத்தால் என்ன?

பதில்: 5 ஆண்டு வரம்பு நியாயமானதே. 3 வயதுப் படத்தை வைத்து 12 வயதுப் பிள்ளையை எந்தக் குடியேற்ற அதிகாரியால் அடையாளம் காண முடியும்? முகம் ஓரளவு நிலைபெற்ற பிறகு, 15 வயதைக் கடந்தவர்கள் 10 ஆண்டு பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கலாம். பிள்ளையை நேரில் வரச் சொல்வதற்கும் முகம் ஒரு காரணம்; படத்தை அங்கேயே எடுக்கிறார்கள். 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணிப் படத்தை நாமே கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் சம்பளமும் பள்ளியும் போகிறதே என்பீர்கள். அந்த வலி உண்மை. ஆனால் அது தூரத்தின் குறை, வரம்பின் குறையல்ல. 2017 முதல் அஞ்சலகங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அருகில் இருப்பதை முதலில் பாருங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் இருந்தால், ஒருவர் அழைத்துப் போனாலே போதும்.