மூக்கில் சத்தம், கண் நெஞ்சில்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் மங்கலம்பேட்டையைச் சுற்றிய கிராமங்களில் என்னைத் தேடி வரும் குரல் ஒரே மாதிரி இருக்கும்: "நர்சம்மா, புள்ளைக்கு மூக்கு கர்ருகர்ருங்குது, வந்து பாருங்க." கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். போனால், பிள்ளை பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டுத் தவிப்பது ஆயாதான்.

பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அந்தச் சின்னத் துளையில் காய்ந்த சளித் துணுக்கோ, ஏறிக்கொண்ட பாலோ இருந்தாலே சத்தம் வரும்.

அதனால் நான் முதலில் மூக்கைப் பார்ப்பதில்லை. சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவேன். அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் கணக்குத் தப்பும். இந்த வயதில் மூச்சு வேகமாக ஓடி, ஐந்தாறு நொடி நின்று, மறுபடி தொடரும். 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் ஆஸ்பத்திரிதான்.

பால் குடிக்கச் சிரமப்பட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கி, பாலூட்டுவதற்குச் சற்று முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. வெளியே வந்ததை மட்டும் மெல்லிய துணியால் துடைக்கலாம். பட்ஸ் வேண்டாம். பெரியவர்களின் மூக்கடைப்புச் சொட்டு மருந்தும், கற்பூரம் கலந்த தைலமும் கூடவே கூடாது.

ஆயாக்களோடு எனக்கு ஓயாத சண்டை எண்ணெயால்தான். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாகிவிடும். மூக்கில் வாயால் ஊதுவது பெரியவர்களின் கிருமியைப் பிள்ளைக்குக் கொடுப்பது. சாம்பிராணிப் புகைக்கும் எனக்கும் ஆகாது. தலை ஈரம் போகத்தானே, துண்டு எதற்கு இருக்கிறது?

விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு நன்றாகக் குழிந்தால், மூக்கு விடைத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், உதடு நீலம் பாரித்தால், பாலை மறுத்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். சும்மா இருக்கும்போது நீலமாகி, அழுதால் சிவக்கும் பிள்ளையும் உண்டு. பிறவியிலேயே மூக்கின் பின்வழி அடைபட்டிருக்கலாம். அது அறுவை சிகிச்சை வரை போகும். இவற்றில் எதைக் கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடியுங்கள். மூச்சு வாங்கும் வாயில் பால் புகட்டாதீர்கள்.