உருக்குவது எளிது, ஆறவிடுவதுதான் பாடு

வார்ப்புக் கண்ணாடிச் சிற்பத்தைப் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை டிகிரியில் உருக்குவீர்கள்?" என்பதுதான். எத்தனை நாள் ஆறவிடுவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுப் பட்டறையில் சிறிய மின்சூளை வைத்துக் கண்ணாடி வார்ப்பது பற்றி உலவுகிற தவறான எண்ணங்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. நெருப்பு கண்ணை ஈர்க்கிறது. நெருப்புக்குப் பிறகு மூடிய சூளைக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது, அதனால் அதைப் பற்றி யோசிப்பதும் இல்லை.

"மணலை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள்"

மணலைக் கண்ணாடியாக்குவது ஆலைக்காரர்களின் வேலை. தூய சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து அதைக் கீழே கொண்டுவந்தாலும் உலை 1,400ஐத் தாண்டித்தான் எரிய வேண்டும். வீட்டுச் சூளை அந்தப் பக்கமே போகாது. ஏற்கெனவே கண்ணாடியாகிவிட்ட கட்டிகளையோ, 'ஃபிரிட்' என்கிற நொறுக்குகளையோ வாங்கி, அச்சுக்குள் இளகி இறங்கும் அளவுக்குச் சூடாக்குகிறோம், அவ்வளவுதான். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 1974இல் தொடங்கிய புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடி இந்த வேலைக்குப் பேர்போனது. அதற்கு 830 டிகிரி அளவில் சூடு போதும்.

அந்தச் சூட்டிலும் கண்ணாடி தண்ணீராக ஓடாது. அச்சின் வாய்க்கு மேலே, அடியில் ஓட்டை உள்ள மண் பூந்தொட்டி ஒன்றை நிறுத்தி, அதற்குள் கட்டிகளை அடுக்குவது வழக்கம். கட்டிகளின் விளிம்பு முதலில் மழுங்கும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும், அப்புறம் ஓட்டை வழியாகத் தேன் வடிகிற மாதிரி ஒரு தடித்த இழை இறங்கத் தொடங்கும். அச்சின் அடியில் சுருண்டு சுருண்டு படிந்து மெல்ல மேலேறும். இதற்கே சில மணி நேரம் ஆகும்.

அச்சு செய்யும் முறை நமக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை வார்க்கிறார்களே, அதே மெழுகு வார்ப்புதான். நியூசிலாந்தின் ஆன் ராபின்சன் வெண்கல வார்ப்பில் கற்ற இந்த முறையைத்தான் கண்ணாடிக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றார். வண்டலுக்குப் பதிலாக இங்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சிலிக்கா மாவும் சம எடையில் கலந்த கலவை. மெழுகை நீராவியில் உருக்கி எடுக்கிறார்கள். அச்சு ஒருமுறைக்குத்தான். உடைத்துத்தான் சிற்பத்தை வெளியே எடுக்க முடியும்.

எவ்வளவு கண்ணாடி தேவை என்பதைக் கண்ணால் மதிப்பிடவே கூடாது. அளவு போட்ட ஜாடியில் தண்ணீர் வைத்து, மெழுகு உருவத்தை ஊசியால் அழுத்தி முழுக்க மூழ்கடியுங்கள் (விட்டால் மிதக்கும்). தண்ணீர் 400 மில்லி ஏறினால், அதை 2.5ஆல் பெருக்குங்கள். ஒரு கிலோ கண்ணாடி. தொட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வராமல் போவதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈயம் கலந்த கண்ணாடி என்றால் கனம் அதிகம், பெருக்கும் எண்ணும் கூடும்.

"கண்ணாடிக் கலை என்றால் ஊதுவது, வார்ப்பதெல்லாம் நேற்று வந்தது"

தலைகீழ். குழாயால் ஊதிக் கண்ணாடி செய்வது கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில், சிரியா–பாலஸ்தீனக் கரையோரத்தில் வந்த வித்தை. எகிப்தியர்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கண்ணாடியை அச்சில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். துட்டன்காமூன் கல்லறையில் நீலக் கண்ணாடியில் செய்த தலையணைக் கட்டையே கிடைத்திருக்கிறது.

"வீட்டில் கிடக்கும் பாட்டில்களைப் போட்டால் போதும்"

காசு மிச்சமாகிற யோசனை என்பதால் இதை விட மனசு வராது. ஒரே வகைப் பாட்டிலை மட்டும் உடைத்துப் போட்டால் ஓரளவு சாத்தியம்தான். ஆனால் பாட்டில் கண்ணாடி நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் மேலே வெள்ளைப் படலம் கட்டிக்கொள்ளும். கலைக்கண்ணாடியைவிட அதிக சூடும் கேட்கும். இரண்டு ஊர்ப் பாட்டில்களைக் கலந்தால் கதையே வேறு. ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிவதற்கும் ஆறும்போது சுருங்குவதற்கும் தனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கிறது. அடுப்பில் வைக்கிற போரோசிலிகேட் பாத்திரக் கண்ணாடிக்கு அந்த எண் 33. கலைக்கண்ணாடிகளில் 90, 96, 104 என்று வகைகள் உண்டு. 33ஐயும் 90ஐயும் ஒன்றாக உருக்கினால் ஒட்டும், பிறகு ஆறும்போது ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போகிறார்கள். எண் ஒன்றாக இருந்தால் எந்தக் கம்பெனிக் கண்ணாடியையும் கலக்கலாம் என்பது அது. அந்த எண் அறைச் சூட்டிலிருந்து சுமார் 300 டிகிரி வரை அளந்தது. கண்ணாடி இறுகி நிற்கிற கட்டமோ 500ஐ ஒட்டி இருக்கிறது. அங்கே விரிவு மட்டுமல்ல, எது எவ்வளவு சீக்கிரம் கெட்டிப்படுகிறது என்பதும் கணக்கில் வரும். இரண்டையும் சின்னதாக ஒட்டிச் சுட்டுப் பார்த்துச் சோதிப்பதுதான் ஒரே வழி. சீட்டில் அச்சடித்த எண்ணை நம்பிப் பெரிய சிற்பம் வார்ப்பதை நான் சூதாட்டம் என்றுதான் சொல்வேன்.

"கண்ணாடி உருகி நிறைந்ததும் சூளையை அணைத்துவிட்டால் தானே ஆறிவிடும்"

இங்கேதான் சிற்பங்கள் சாகின்றன.

வெண்கலத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும், இழுத்தால் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். கண்ணாடி இரண்டையும் செய்யாது. செம்போடு பார்த்தால் கண்ணாடியில் சூடு நகர்வது சில நூறு மடங்கு மந்தம். சூளையை அணைத்தால் சிற்பத்தின் வெளித்தோல் முதலில் ஆறி இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. பிறகு உள்ளே இருப்பது ஆறிச் சுருங்கப் பார்க்கும், இறுகிப்போன தோல் விடாது. அந்த இழுபறி சிற்பத்துக்குள்ளேயே நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் அனீலிங். புல்ஸ்ஐ கண்ணாடி என்றால் 482 டிகிரியில் சூளையைப் பிடித்து நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, அங்கிருந்து அங்குலம் அங்குலமாக இறக்குவது. எத்தனை நேரம் என்பது தடிமனைப் பொறுத்தது, அதுவும் நேர்விகிதத்தில் அல்ல. அந்த நிறுவனத்தின் அட்டவணைப்படி 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு 482இல் 4 மணி நேரம், அறைச் சூட்டுக்கு வந்துசேர மொத்தம் சுமார் 14 மணி நேரம். 5 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 47 மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு 170 மணி நேரம், அதாவது ஒரு வாரம். அதில் முதல் கட்டத்தில் சூடு மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் இறங்க வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. சிறிய உருவத்துக்கு ஒத்துவந்த நேரத்தை இரண்டால் பெருக்கிப் பெரிய உருவத்துக்கு வைத்தவர்கள் துண்டுகளைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள்.

தடிமன் என்றால் எங்கே அளப்பது? பிள்ளையார் வார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொப்பை 8 சென்டிமீட்டர், தும்பிக்கை நுனி ஒன்றே ஒன்று. தொப்பையின் கணக்குத்தான் செல்லும். நுனியும் தொப்பையும் ஒன்றாக ஆற வேண்டுமே, அதனால் அதற்கும் ஒரு படி மேலான அளவை வைப்பது நல்லது. முதல் முயற்சிக்குத் தும்பிக்கை தொப்பைமேல் படிந்திருக்கிற பிள்ளையாரைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

பெரிய அளவில் இது எப்படி இருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கிக் கண்ணாடியைப் பார்க்கலாம். 200 அங்குலக் குறுக்களவு. நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் ஆலையில் 1934 மார்ச்சில் முதல்முறை வார்த்தபோது அச்சின் உட்கட்டைகள் பிய்ந்து மேலே மிதந்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி மறுபடி வார்த்தார்கள். ஒரே நாளில் முடிந்த அந்த வேலைக்கு ஆறவிட்ட காலம் சுமார் 10 மாதம். இடையில் 1935 ஜூலையில் ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரமும் தடைபட்டது. அப்படியும் வட்டு தப்பியது. பழுதான முதல் வட்டு இன்றைக்கும் கார்னிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கரண்ட் போய்விட்டால் எல்லாம் போச்சு என்று நம்மவர்கள் பயப்படுவதற்கு அந்த வெள்ளமே பதில். மூடியைத் திறக்காமல் இருந்தால் நல்ல செங்கல் சூளையில் சூடு மெதுவாகத்தான் குறையும். மின்சாரம் வந்ததும், கண்ணாடி விரிசல் விடாமல் இருந்தால், மெல்ல 482க்கு ஏற்றி முதலிலிருந்து தொடங்கலாம். முழுதாக ஆறிப்போன சிற்பத்தைக்கூட மீண்டும் சூளையில் வைத்து அனீல் செய்ய முடியும், ஏற்றும்போதும் இறக்குகிற அளவு பொறுமை இருந்தால். மின்கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வாரம் ஓடுகிறதே என்று மலைக்க வேண்டாம். அந்த வாரம் முழுக்கக் கன்ட்ரோலர் சுருளைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும். அதிகம் இழுப்பது மேலே ஏற்றுகிற கட்டம்தான்.

"உடையாமல் வெளியே வந்துவிட்டதா, இனி பயமில்லை"

சரியாக ஆறாத சிற்பம் சூளையிலிருந்து முழுசாக வந்து, அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்து, ஒருநாள் யாரும் தொடாமலே இரண்டாகும். கண்ணேறு என்பார்கள். உள்ளே அடைபட்ட இழுவிசைக்கு யார் கண்ணும் தேவையில்லை. அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, போலராய்டு குளிர்கண்ணாடியின் ஒரு வில்லையைத் திரைக்கு நேரே பிடித்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில் சிற்பத்தை நடுவில் கொண்டுவாருங்கள். நன்றாக ஆறிய கண்ணாடி இருட்டாகவே இருக்கும். மூலைகளிலும் தடிமன் மாறுகிற இடங்களிலும் வெளிச்சம் புகைபோல எழுந்தால், அங்கே இழுவிசை இருக்கிறது. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். அடர்நிறக் கண்ணாடியில் இது பலிக்காது. அங்கே அட்டவணையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

"கடையில் பார்த்த நிறம்தான் சிற்பத்திலும் வரும்"

3 மில்லிமீட்டர் தகட்டில் அழகான செந்தேன் நிறம், 10 சென்டிமீட்டர் சிற்பத்தில் ஏறக்குறையக் கறுப்பு. தடிமன் ஏற ஏற ஒளி குடிக்கப்படுகிறது. அதனால்தான் வார்ப்புக்கென்று வெளிறிய சாயத்தில் கண்ணாடி தயாராகிறது. இந்தக் குறையையே கலையாக்கியவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் அவர் மனைவி யாரோஸ்லாவா பிரிக்டோவாவும். செலெஸ்னி பிரோட் என்கிற ஊரில் அவர்கள் வார்த்த பெரிய சிற்பங்களில் நிறம் ஒன்றே ஒன்றுதான். மெல்லிய இடத்தில் வெளிச்சம், தடித்த இடத்தில் இருள் என்று தடிமனைக் கொண்டே வரைந்திருப்பார்கள். கண்ணாடிச் சிற்பத்தில் இதற்கு மேல் ஒரு சாதனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குமிழிகளும் இதே மாதிரிதான். சூடு போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் காரணம் நொறுக்குகளுக்கு நடுவில் இருந்த காற்று. பொடி நுணுகினால் குமிழி பெருகிப் பால்போல் மங்கும், பெரிய கட்டியாகப் போட்டால் தெளியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் ஆன்ரி குரோ அந்த மங்கலைத்தான் விரும்பித் தேடினார்.

"சூளையைத் திறந்தால் பளபளவென்று இருக்கும்"

இருக்காது. பிளாஸ்டரைத் தொட்ட பக்கமெல்லாம் மங்கலாக, சுண்ணாம்புப் பூச்சோடு வரும். கண்காட்சியில் காண்கிற மினுமினுப்பு வைரப்பொடி பதித்த தட்டுகளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, முரடிலிருந்து நைசுக்கு ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் சீரியம் ஆக்சைடால் மெருகிட்டது. படி ஒன்றைத் தாவினால் முந்தைய கீறல் மெருகுக்குப் பிறகு பல்லிளிக்கும். அந்த மங்கலே பிடித்திருந்தால் விட்டுவிடலாம், பலர் விடுகிறார்கள்.

"பழைய தேவாலயச் சன்னல்களைப் போல, காலப்போக்கில் சிற்பமும் வழிந்துவிடும்"

சன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பதற்குக் காரணம், அந்தக் காலத்துத் தகடுகள் சமமாக வராததுதான். பிரேசில் விஞ்ஞானி எட்கார் ஸனோட்டோ 1998இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அறைச் சூட்டில் கண்ணாடி கண்ணுக்குத் தெரிய வழிவதற்குப் பிரபஞ்சத்தின் வயதே போதாது.

"சூடுதான் ஆபத்து"

சூட்டைப் பார்த்து எல்லோருக்கும் பயம் இருக்கிறது, அதனால் கையுறை போடுகிறார்கள். பயமில்லாத இடம் அச்சுக் கலவை. சிலிக்கா மாவு மூக்கில் ஏறும்போது தெரியாது. நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் பலகைக்குச்சித் தொழிலாளர்களைக் கொன்ற சிலிக்கோசிஸ் இதே தூசியால் வருவது. துணி முகமூடி இதற்கு ஆகாது, தூசி வடிகட்டும் சுவாசக்கவசம் வேண்டும். ஈர அச்சும் ஆபத்துதான். உள்ளே தண்ணீர் தங்கியிருந்தால் நீராவி அச்சைப் பிளந்து, கண்ணாடியைச் சூளைத் தரையில் கொட்டிவிடும். தினமும் அச்சை எடைபோட்டு, எடை குறைவது நின்ற பிறகு சூளையில் ஏற்றி, 100 டிகிரிக்கு அருகே நிறுத்தி மிச்சத்தையும் உலர்த்த வேண்டும்.

சுட்ட அச்சு சுடாததைவிடப் பொடியாக உதிரும், எனவே கடைசி நாளில்தான் தூசி அதிகம். சிற்பம் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று உறுதியானதும் அச்சின்மேல் தண்ணீர் தெளித்து நனைத்து, கையாலும் மரக்குச்சியாலும் பெயர்த்தெடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். புதுக்கலவையில் மிஞ்சியதை வாளியிலேயே இறுக விட்டுக் குப்பையில் போடுங்கள். வாஷ்பேசினில் ஊற்றினால் அது குழாய்க்குள் போய் இறுகும், பிறகு வருகிற பிளம்பர் குழாயையே அறுத்தெடுப்பார்.